பனி நிச்சயம் என்று நீ காட்டிய ஊர்

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்கும் கடிதம் அல்ல இது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்பதை மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் திரையில் பார்த்தேன். நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே நான் ரெலிபோனை நிறுத்தினேன். அதன் பிறகு நீ எடுத்த அழைப்பு ஒன்றையும் நான் எடுக்கவில்லை. அம்மா எடுத்து, அப்பா தோட்டத்துக்குள் நிற்கிறார் என்று உனக்குச் சொன்னாள். நான் தோட்டத்துக்குள் நிற்கவில்லை. அதே மேசையில், அம்மாவுக்கு எதிரில்தான் இருந்தேன். இப்போதும் அதே மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கடிதம் எழுதப்படாமலே போய்விடும். நீ இதைப் படம் பிடித்து ரெலிபோனுக்குள் போட்டு, அது உனக்கு வாசித்துச் சொல்லக் கேட்காதே. புதன்கிழமைப் பின்னேரங்களில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிருக்குள் வாசலில் நின்றவன் நான். எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி.

அன்றைக்கு நீ மூன்று ஊர்களைக் காட்டினாய். அம்மாவுக்கு அறுபது வயதாகிறது, மார்கழி விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து பனிச்சறுக்கு ஊர் ஒன்றுக்குப் போவோம், நீங்கள் இரண்டு பேரும் ஊரிலிருந்து விசா எடுத்துச் சுவிசுக்கு வாருங்கள் என்றாய். முதலாவது ஊர் பதிவானது, உயரம் குறைவு, நத்தார்ப் பண்டிகைக்கு அங்கே இப்போதெல்லாம் மழைதான் பெய்கிறது என்றாய். இரண்டாவது காட்டுக்கு நடுவில், ரெயில் போகிற ஊர். மூன்றாவதைக் காட்டும்போது உன் குரல் மாறியது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, கார் போகாது, கேபிள் காரில்தான் ஏறவேண்டும், பனி நிச்சயம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாய். பிறகு ஹோட்டலின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். வெய்யிலுக்குள் மரத்தளம், ஆட்டுத்தோல் விரித்த சாய்கதிரைகள், கையில் கிளாசோடு இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் கூரை. புதிதாக நீச்சல்குளம் கட்டியிருக்கிறார்கள், முன்பக்கத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூரையை எந்தப் படத்தில் காட்டினாலும் நான் அறிவேன்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அப்போது நீ சொன்னதை உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. "உங்களுக்கு நாங்கள் சந்தோசமா இருக்கிறது பிடிக்கேல்லை, அப்பா. சின்னனிலையிருந்து இதைத்தான் பாக்கிறன். வேண்டாம் எண்டுவியள், ஏன் எண்டு ஒருநாளும் சொல்லமாட்டியள். உங்களுக்குப் பயம். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" உன் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ரெலிபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

கோபம் ஏன் வந்தது தெரியுமா? நீ சொன்னது சரி. பிழையான ஒன்றைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் உனக்குக் காரணம் சொன்னதில்லை. நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்கள் என்று கடிதம் கொண்டுவந்தாய். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆசிரியை இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தா. சப்பாத்தும் உடுப்பும் பள்ளிக்கூடமே தரும், உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றா. அம்மா அழுதாள். நான் அசையவில்லை. உன் வகுப்பு முழுதும் மலைக்குப் போயிருந்த அந்தக் கிழமை, நீ நாலாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருந்து கணக்குச் செய்தாய். அவர்கள் திரும்பி வந்த அன்று, முகம் எல்லாம் வெய்யிலில் சிவந்து வந்த உன் நண்பன் ஒருவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, அவனுக்கு முன்னால் என்னிடம், "மற்றப் பிள்ளையளின்ரை அப்பாமாருக்கு மூளை இருக்கு" என்றாய். நான் அடித்தேன். உன் கன்னத்தில் என் விரல் பட்ட அடையாளம் அடுத்த நாள் காலையிலும் இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். ஆனால் அதைக் கேட்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

நான் சுவிசுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன் என்பது உனக்குத் தெரியும். அந்த ஹோட்டல் எங்கே என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. நீ காட்டிய ஹோட்டல்தான் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். வேலை செய்ய அனுமதித்தார்கள், ஆனால் உள்ளூர்க்காரர் செய்யமாட்டாத வேலைதான் கிடைக்கும். மலைக்கு மேல் ஒரு பனிக்காலம் முழுதும் குசினியில் நிற்க ஆள் வேண்டும் என்றார்கள். நானும் சண்டிலிப்பாயைச் சேர்ந்த தவம் அண்ணையும் ஒன்றாக ஏறினோம். அவருக்கு என்னிலும் மூன்று வயது கூட. முகாமில் அறிமுகமானவர். மெலிந்த ஆள், நெற்றியில் திருநீறு இல்லாமல் குசினிக்குள் வரமாட்டார். மச்சம் தொடாதவர், அந்த இறைச்சிச் சட்டிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவுவார். சமையற்காரன் பகிடிக்கு ஒரு மிடறு வைன் நீட்டினால்கூடக் கையெடுத்துக் கும்பிட்டு விலகுவார். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்.

விருந்தாளிகள் மேலே யன்னலைத் திறந்தால் மலை. எங்களுக்கோ நிலத்துக்குக் கீழே, சுடுதண்ணீர்ப் பொயிலருக்குப் பக்கத்தில் ஒரு அறை. தரை மட்டத்தில் ஒரு சின்ன யன்னல், அதன் முக்கால்வாசியைப் பனி மூடியிருக்கும். விடியமுன் வேலைக்கு இறங்குவோம், முடிய இருட்டிவிடும். வெய்யிலைப் பார்க்காமலே கிழமைகள் போகும். நீ என்னிடம் காட்டிய படத்தில் எல்லோர் முகத்திலும் இருந்ததே வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு நாங்கள் அதைக் காணவில்லை. விடியமுன் வெளியே பனி தள்ளுகிற வேலையை நானும் அவரும் முறை வைத்துச் செய்தோம். ஒரு கிழமை நான், ஒரு கிழமை அவர். வெளியே போடுவதற்கென்று இறப்பர் சப்பாத்து ஒரு சோடிதான் தந்திருந்தார்கள்.

புதுவருடத்துக்கு முன் மூன்று நாட்கள் விடாமல் பனி கொட்டியது. காற்றுக்குக் கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். கீழே இருந்து ஒருவரும் ஏறமுடியாது, மேலே இருப்பவர் இறங்கமுடியாது. நாலாம் நாள் பளிச்சென்று வெய்யில் எறித்தது. அடைந்து கிடந்த விருந்தாளிகள் வெளியே இருக்கவேண்டும், மரத்தளத்தைத் துப்புரவாக்கித் தாருங்கள் என்று மனேச்சரைப் பிடுங்கினார்கள். அந்தத் தளம் கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. கூரையில் ஆள் உயரத்துக்குப் பனி. வழக்கமாக அப்படி நேரங்களில் கீழ் ஊரிலிருந்து கயிறு கட்டி வேலை செய்யும் ஆட்கள் வந்து முதலில் கூரைப் பனியை இறக்குவார்கள், அதன் பிறகுதான் எங்களைக் கீழே விடுவார்கள். அன்றைக்கு அவர்கள் வர வழியில்லை. மனேச்சர் பொறுக்கவில்லை. குசினிக்குள் வந்து, ஒரு ஆள் வெளியே வா என்றான்.

அந்தக் கிழமை என் முறை. தம்பி, இதை நான் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். அது என் முறை. எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. சப்பாத்து ஈரமாக இருந்தது, நான் குளிர்ந்து போயிருந்தேன், உடுப்புக் காயவைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் சூட்டில் இருக்க விரும்பினேன். அவ்வளவுதான். தவம் அண்ணை என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "நீ கிட. நான் போறன். ஒருக்கா வெளிச்சத்தையும் பாத்திட்டு வாறன்" என்றார்.

நான் எங்கள் அறைக்குப் போய்க் கட்டிலில் ஏறி, அந்தச் சின்ன யன்னலின் மேல்பக்கத்தால் பார்த்தேன். அவர் பனி தள்ளுகிற சவளோடு தளத்துக்குப் போனார். பாதி வழியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு மனேச்சரைப் பார்த்துக் கையால் கூரையைக் காட்டினார். அவருக்குப் பாஷை வராது, ஆனால் அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கேட்கமுடியாது. மனேச்சர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். மணிக்கூட்டைப் பார்த்தான். கெதியாக, கெதியாக என்று கையை ஆட்டினான். தவம் அண்ணை போனார். பத்து நிமிஷம் வழித்திருப்பார். அவர் ஒருதரம் நிமிர்ந்து, முகத்தை வெய்யிலுக்குக் கொடுத்துக்கொண்டு சற்று நேரம் நின்றதைக் கண்டேன். பிறகு கூரை முழுதும் ஒரே தரத்தில் வழுகி வந்தது. லொறியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம். என் யன்னல் இருட்டாகிவிட்டது.

நானும் ஓடினேன், சமையற்காரன் ஓடினான், விருந்தாளிகள் கையாலும் கதிரையாலும் தோண்டினார்கள். கூரையிலிருந்து விழுகிற பனி வானத்திலிருந்து விழுகிற பனி மாதிரி இல்லை, சீமெந்து மாதிரி இறுகிவிடும். முக்கால் மணித்தியாலம். விருந்தாளிகளில் ஒரு டொக்டர் இருந்தார். அவர் நாடி பார்த்த கையை எடுத்துவிட்டு எழும்பினார்.

அன்று பின்னேரம் மனேச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினான். அதற்கு முன் அவன் என்னைக் கதிரையில் இருத்தினதில்லை. தவம் குடித்திருந்தார், தன்பாட்டில் வெளியே போனார், ஒருவரும் அனுப்பவில்லை என்றான். எனக்கு விளங்கும்வரை மெதுவாக, மூன்று தரம் சொன்னான். பிறகு என் அகதிப் பத்திரத்தை மேசையில் வைத்து அதன்மேல் விரலால் தட்டினான். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மறுநாள் கேபிள் கார் ஓடத் தொடங்கியது, இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். வயதான ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல மனிதர் போல இருந்தார், என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். யாராவது அவரை அனுப்பினார்களா? நான் "நைன்", இல்லை என்றேன். குடிப்பவரா? அதற்கு ஓம் என்று தலையை ஆட்டினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். உன்னுடைய முகாம் கடிதத்துக்குப் போடாத கையெழுத்தை அதற்குப் போட்டேன்.

ஊரில் அப்போதிருந்த நிலைமையில் உடலை அனுப்ப வழியில்லை. கீழ் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் தாட்டார்கள். நானும் சமையற்காரனும் நின்றோம். எனக்குத் தேவாரம் தெரியும். ஒரு வரி பாடியிருக்கலாம். பாடவில்லை. இரண்டு மாதம் கழித்து முகாம் முகவரிக்கு அவருடைய தகப்பனாரின் கடிதம் வந்தது. ஊருக்கு அனுப்பின பொலிஸ் பத்திரத்தை யாரோ உறவினர் வாசித்துச் சொல்லிவிட்டார்கள். கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி. கூட இருந்த தம்பிக்கு, என் பிள்ளை குடிக்கிறவனா என்பதை மட்டும் எனக்கு எழுதவும். நான் பதில் போடவில்லை. பதில் போட்டால் அதைக் கொண்டு யாராவது கேள்வி கேட்பார்கள், என் விண்ணப்பம் போய்விடும் என்று பயந்தேன். பிறகு விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்போதும் எழுதவில்லை. பிறகு கலியாணம் செய்தேன், நீ பிறந்தாய். எழுதவில்லை. அந்த நாட்டில் கல்லறைக்குத் தவணை உண்டு, அது முடிந்தால் இடத்தை எடுத்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். உனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த வருடம், வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு ரெயில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். கல்லை எடுத்துவிட்டுப் புல்லு விதைத்திருந்தார்கள். வரிசை எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது சொல், நான் பயந்தவன்தான். ஆனால் நீ நினைத்த பயம் இல்லை அது.

நீ படத்தைக் காட்டிய அன்று ரெலிபோனை வைத்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கேட்டதில் என்ன பிழை என்று கேட்டாள். நான் முதன்முதலாக வாயைத் திறந்தது அப்போதுதான். முழுதையும் கேட்டுவிட்டு அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டு, "இவ்வளவு காலமும் என்னோடை இருந்து சாப்பிட்டிருக்கிறியள், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்த மனிசனுக்குத் தாய் தேப்பன் இல்லையோ? சண்டிலிப்பாய் என்ன கண்காணாத தேசமோ?" என்றாள். கண்காணாத தேசம் இல்லை. எங்கள் உரும்பிராயிலிருந்து மோட்டார்சைக்கிளில் மானிப்பாயைத் தாண்டினால் சண்டிலிப்பாய். நாங்கள் சுவிசை விட்டு ஊரோடு வந்து ஆறு வருடம். கலியாண வீடு, செத்த வீடு என்று அந்தப் பக்கம் எத்தனை தரம் போயிருப்பேன். ஒவ்வொரு தரமும் அந்தச் சந்தி வந்தால் வேகத்தைக் கூட்டுவேன்.

அடுத்த நாள் காலை போனேன். தகப்பனாரும் தாயும் செத்துப்போய் எத்தனையோ காலம். தங்கச்சி ஒருத்தி இருக்கிறா, சரோ. கலியாணம் செய்யவில்லை. வீட்டோடு சேர்ந்த தோட்டத்தில் கீரையும் பீற்றூட்டும் போடுகிறா. நான் போனபோது சந்தைக்குக் கொடுக்கக் கீரை பிடி கட்டிக்கொண்டிருந்தா. பெயரைச் சொன்னேன். கையில் இருந்த பிடியைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தா. "ஐயாவின்ரை கடிதத்துக்குப் பதில் போடாத ஆள் நீங்கள்தானோ?" என்று கேட்டா.

ஓம் என்றேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் முறை என்பதையும் சொன்னேன், காய்ச்சல் பொய் என்பதையும் சொன்னேன். அவர் குடிக்கவில்லை, ஒருநாளும் குடித்ததில்லை என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவ எல்லாம் முடிந்தபின்தான் சொன்னா. "அம்மா அண்ணையின்ரை படத்தை அலுமாரிக்குள்ளைதான் வைச்சிருந்தவ. சுவரிலை கொழுவேல்லை. கொழுவினால் வாறவை எப்பிடிச் செத்தது எண்டு கேப்பினம், குடிச்சுப்போட்டுச் செத்தவன் எண்டு என்னெண்டு சொல்லுறது எண்டு பயம். ஐயா அண்ணையின்ரை பேரையே எடுக்கிறேல்லை. அவை ரெண்டு பேரும் அப்பிடியே போட்டினம். இப்ப ஆருக்குச் சொல்ல வந்தனீங்கள்?"

அவ அடுத்த பிடிக்குக் கீரையை அள்ளினா. "உங்கடை பாரத்தை இஞ்சை கொண்டுவந்து இறக்காதையுங்கோ. எழும்பிப் போங்கோ" என்றா. நான் இருக்கவே இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அவ அதைக்கூடக் கவனிக்கவில்லை. வந்துவிட்டேன்.

தம்பி, நான் யாரோடு கோபம் என்று இந்த மூன்று கிழமையும் யோசித்தேன். அந்த மனேச்சரோடு கோபம், அவன் இப்போது உயிரோடு இருக்கிறானோ தெரியாது. ஆட்டுத்தோல் கதிரைக்குப் பக்கத்தில் பனி நிச்சயம் என்று எழுதியவனோடு கோபம். அந்தப் பனியை யார் வழிக்கிறான் என்று அவன் எழுதவில்லை. உன்னோடும் கோபம். நீ அங்கே பிறந்தவன், அந்த மொழியில் கனவு காண்கிறவன், உனக்கு அந்த நாடு முன்வாசலைத் திறந்துவிட்டது. உன் தகப்பன் எந்த வாசலால் வந்தான் என்று நீ ஒருதரமாவது கேட்டிருக்கலாம். கேட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன் என்பது வேறு கதை. எல்லாக் கோபமும் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வருகிறது, அதனால்தான் அது இவ்வளவு சூடாக இருக்கிறது. நீயும் உன் பிள்ளைகளுக்கு அப்பன். அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் நாளில் ஏன் என்பதையும் சொல். காரணம் வெட்கக்கேடானது என்றாலும் சொல். சொல்லாமல் விட்டால் அது பிள்ளையின் கன்னத்தில்தான் போய் விழும்.

இனி உன் மூன்று ஊர்களுக்கு வருகிறேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன், ஏனென்றால் பனியைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கூடத் தெரியும். உயரம் பற்றி நீ சொன்னது சரி. பதிவான ஊரில் இப்போது மெசினால் ஊதின பனிதான், அதுவும் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். முதலாவதை விடு. ஆனால் உயரம் என்றால் சறுக்குகிற இடம் உயரமாக இருந்தால் போதும், படுக்கிற இடம் உயரமாக இருக்கத் தேவையில்லை. அம்மாவுக்குப் பிரஷர். இரண்டாயிரம் மீற்றரில் முதல் இரண்டு மூன்று நாள் அவளுக்கு நித்திரை வராது, தலை இடிக்கும். டொக்டரைக் கேட்காமல் அவளை அங்கே ஏற்றாதே. நீ காட்டிய மூன்றாவது ஊர் மரங்களுக்கு மேலே இருக்கிறது. அங்கே முகில் இறங்கினால் வானமும் நிலமும் ஒரே வெள்ளை, தன் காலே தனக்குத் தெரியாது. சறுக்கப் பழகும் பிள்ளைகளுக்கு மரம் வேண்டும். மரம் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடி இருக்கும், காற்றும் குறையும். காற்றடித்தால் கேபிள் கார் நிற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இறங்கமுடியாது. இரண்டாவது ஊரில் ரெயில் ஓடும். சறுக்கும் சரிவுகள் வடக்கே பார்த்து இருக்கின்றனவா என்று கேள். வடக்கே பார்த்த சரிவில் பனி பங்குனி வரைக்கும் கிடக்கும். அறை எடுக்குமுன் வேலை செய்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்றும் கேள். கேட்டால் உன்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதற்குப் பதில் சொல்லக் கூச்சப்படுகிற ஹோட்டலில் என் பேரப்பிள்ளைகள் படுக்கவேண்டாம்.

இரண்டாவது ஊரை எடு. நாங்கள் வருகிறோம். விசாப் பத்திரங்களை அம்மா நிரப்பிவிட்டாள், தான் தனியாக என்றாலும் வருவேன் என்கிறாள். அம்மாவை நீ பிள்ளைகளோடு அங்கே கூட்டிக்கொண்டு போ. ஆனால் போவதற்கு முன் ஒரு நாள் எனக்குத் தரவேண்டும். நீ வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு அந்த மாநிலத்துப் பொலிஸ் நிலையத்துக்கு வரவேண்டும். நான் அன்று சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு வழக்கு ஒன்றும் வராது, அந்தக் கோப்பே இல்லாமல் போயிருக்கலாம், மேசைக்குப் பின்னால் இருக்கிற பொடியன் உன்னை விட இளையவனாக இருப்பான், கிழவனுக்கு என்னவோ என்று நினைப்பான். இதெல்லாம் எனக்குத் தெரியும். முப்பது வருடம் அங்கே இருந்தும் என்னுடைய ஜேர்மன் கடைக்கும் வேலைத்தலத்துக்கும் போதுமான ஜேர்மன்தான். இதைச் சொல்ல அது போதாது. நீ சொல்லவேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, ஒன்றையும் மென்மையாக்காமல், என் முறை என்பதையும் விடாமல், நீ அவர்களுக்குச் சொல்லவேண்டும். தகப்பனைப் பற்றி ஒரு மகன் அப்படிச் சொல்வது லேசான வேலை இல்லை. வேறு ஆளைப் பிடிக்கலாம். நான் வேறு ஆளை விரும்பவில்லை.

இதை நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதே. சண்டிலிப்பாய்க்குப் போய் வந்து பதினாறு நாளுக்குப் பிறகு, நேற்றுக் காலை, படலையில் சத்தம் கேட்டது. சரோ இரண்டு பஸ் மாறி வந்திருந்தா. எங்கள் வீட்டை யாரிடமோ விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறா. அம்மா கதிரை கொடுத்தாள், இருக்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றா. என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தா. அங்கே பொலிஸ் பத்திரத்தில் எழுதினது எழுதினபடியே கிடக்கிறதா, அதை மாற்றலாமா என்று கேட்டா. போய்ச் சொல்லலாம், மாற்றுவார்களோ தெரியாது என்றேன். அப்போ போய்ச் சொல்லுங்கோ என்றா. பையிலிருந்து பொலித்தீன் உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தா. தவம் அண்ணையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, சங்கக்கடைக்குப் பக்கத்தில் போட்டோப் பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தா.

"அவை அண்ணையின்ரை பேரைப் பிழையா எழுதிப்போட்டினம். பொலிஸ் பத்திரத்திலை தவராசா எண்டு இல்லை, வேறை என்னவோ கிடக்கு. ஐயா அதைக் கண்டிட்டு ஒரு கிழமை, இது எங்கடை பிள்ளை இல்லை எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர்" என்றா. பிறகுதான் என்னைப் பார்த்தா. "முதலிலை பேரைச் சரியா எழுதச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு சொல்லுங்கோ."

அம்மா அவவோடு பஸ் தரிப்பிடம்வரை நடந்து போனாள். நான் போகவில்லை, அவ என்னைக் கூப்பிடவும் இல்லை.

அந்தப் பிரதியைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ள பெயரை உன் கையால் அவர்களுடைய எழுத்தில் ஒருதரம் எழுதிப் பார். ஒரு எழுத்தும் பிசகக்கூடாது. எழுதிய பிறகு எனக்கு ரெலிபோன் எடு. நான் எடுப்பேன்.

அப்பா